காரில் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்: தூரம் எட்டுவதா சிறப்பு?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஜுமுஆ தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது சகோதரர்கள் என்னைச் சூழ்ந்து மார்க்க விளக்கங்கள் கேட்பது வழக்கம். ஒளூ, ஜகாத், வாரிசுப் பங்கீடு ஆகியவற்றுக்கு இடையே அண்மைக் காலமாக ஒரு கடைச்சரக்கைப் பற்றிய கேள்வியும் வந்து சேர்ந்துள்ளது. "ஹஜ்ரத், காருக்கு ஒரு எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வாங்கணும். எது நல்லா தூரம் எடுக்கும்?"

நான் பொறியாளன் அல்லன். ஆயினும் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பழைய கார் ஒன்றை ஓட்டி வருபவன். இக்கருவிகள் மூன்றை வாங்கிப் பயன்படுத்தியவன். அவற்றுள் ஒன்றால் பிறருக்குத் தீங்கிழைத்தவன். ஆகவே என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தூரம் எடுக்கும் கருவியை வாங்காதீர்கள். உங்கள் காரின் கதவுக்கு வெளியே கேளாத கருவியே நல்ல கருவி. கம்பி இணைப்பால் காரியம் முடியுமாயின் இக்கருவியே வேண்டாம். கடைக்காரர் சிறப்பென்று கூறிவிற்கும் அந்தத் தூரம், நம்மைப் பொறுத்தவரை ஒரு குறை. அதற்கும் மேலாக, அது பிறர் உரிமையில் கை வைக்கும் செயல்.

இதைக் கடுமையான பேச்சென்று சிலர் கருதலாம். ஐந்நூறு ரூபாய்க்கும் குறைவான விலையில் கிடைக்கும் ஒரு சிறு பொருளுக்கு இத்தனை பேச்சு எதற்கு என்றும் கேட்கலாம். பொறுமையுடன் கேட்டருளுங்கள்.

படவேட்டில் வாழும் நம்மில் பலருக்கும் புதிய கார் வாங்கும் வசதி இல்லை. வேலூரிலோ ஆரணியிலோ இரண்டாம் கையாக, மூன்றாம் கையாக வாங்கிய வண்டிகளே நம்மிடம் உள்ளன. அவற்றின் ஸ்டீரியோவில் வானொலி மட்டும் இருக்கும். சிலவற்றில் ஒலிநாடாப் பெட்டியும் இருக்கும். நம் பெற்றோர் நாகூர் ஹனீஃபா அவர்களின் பாடல்களை ஒலிநாடாவில் கேட்டனர். இன்று அப்பாடல்களும் கிராஅத்தும் பயான்களும் கைப்பேசியிலும் பென் டிரைவிலும் அடங்கிவிட்டன. ஆனால் அவற்றை வாங்கி ஒலிக்கும் துளை பழைய ஸ்டீரியோவில் இல்லை. இவ்விரண்டுக்கும் இடையே பாலமாக வந்ததே இந்த டிரான்ஸ்மிட்டர். சிகரெட் லைட்டர் துளையில் செருகினால், கைப்பேசியின் ஒலியை ஒரு சிறு வானொலி நிலையத்தைப் போல ஒலிபரப்பும். காரின் வானொலியை அதே அலைவரிசையில் வைத்தால் ஒலி கிடைக்கும். பயன் தரும் பொருள்தான், ஐயமில்லை. ஹிஃப்ழ் செய்யும் என் மகன் வேலூர் செல்லும் வழியெல்லாம் தன் பாடத்தைக் காரிகளின் கிராஅத்தில் கேட்டு மனத்தில் இருத்திக்கொண்டது இக்கருவியின் உதவியால்தான், அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் "வானொலி நிலையத்தைப் போல" என்று நான் சொன்னது உவமைக்காக மட்டும் அன்று. அது உண்மையிலேயே ஒரு வானொலி நிலையம்தான். நாம் அதை உணராமலேயே நிலையத்தின் அதிபர்களாகிவிடுகிறோம். இங்குதான் சிக்கல் தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி அடைமழையில் ஒரு மாலை, வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். சந்தவாசலில் ஒரு தேநீர்க்கடை ஓரத்தில் வண்டியை நிறுத்தினேன். மழை விடட்டும் என்று உள்ளேயே அமர்ந்து பயான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைக்குள் ஒரு முதியவர், மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலியைக் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தார். திடீரென அவர் அதை உதறிப் பார்த்தார், திருகினார், மீண்டும் காதில் வைத்தார். பிறகு கடையில் இருந்த அனைவரும் என் வண்டியைத் திரும்பிப் பார்த்தனர். என் காரில் ஒலித்த பயான் அவருடைய வானொலியிலும் தெளிவாக ஒலித்துக்கொண்டிருந்தது.

"பாய், அத கொஞ்சம் நிறுத்துங்க. மழைச் செய்தி போயிடுச்சு" என்றார் அம்முதியவர். நான் பதறி நிறுத்தியபோது செய்தியறிக்கை முடிந்துவிட்டது. அவர் வாழை வைத்திருப்பவர். தார் முற்றி நிற்கும் மரங்களுக்குக் காற்று வருமா, முட்டுக் கொடுக்க வேண்டுமா, இன்றிரவே தாரை வெட்டிவிட வேண்டுமா என்பதை அறிவதற்காகவே அச்செய்திக்குக் காத்திருந்திருக்கிறார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "தெரியாம செஞ்சீங்க, போங்க" என்றுதான் சொன்னார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஹக்குல் இபாத் என்னும் பாடத்தை எத்தனை ஆண்டுகளாக மாணவர்களுக்கு நடத்துகிறேன்! அல்லாஹ்வுக்குரிய உரிமையில் தவறினால் தவ்பாச் செய்து அவனிடமே மன்னிப்புக் கேட்கலாம். அடியாரின் உரிமையில் தவறினால் அந்த அடியாரே மன்னிக்க வேண்டும். அம்முதியவர் என் முன் இருந்தார், மன்னித்தும் விட்டார். அதற்கு முன், என் கண்ணுக்குத் தெரியாமல் எத்தனை பேருடைய வானொலியை நான் மறைத்தேனோ, அவர்களை எங்கே தேடுவேன்?

நடந்தது என்னவென்று பின்னர் கற்றுக்கொண்டேன். நீங்களும் அறிந்துகொள்வது அவசியம்.

எஃப்.எம். ஒலிபரப்புக்கு நம் நாட்டில் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கப்பட்டுள்ளது. இந்த அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்லக்கூடியது. மலையைத் தாண்டி எளிதில் வளைந்து வராது. அகில இந்திய வானொலியின் கொடைக்கானல் நிலையம், 100.5 மெகாஹெர்ட்ஸில், மலையுச்சியில் நின்று ஒலிபரப்புவதால் தென் மாவட்டங்கள் பலவற்றை எட்டுகிறது. நம் படவேடோ அதற்கு நேர்மாறானது. ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தில் அமைந்த ஊர் இது. சம்புவராயர்கள் இவ்விடத்தைத் தலைநகராகத் தேர்ந்ததற்கு இம்மலையரண் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். பகைவரை மறைத்த அதே மலை இன்று வானொலி அலையையும் மறைக்கிறது.

ஆகையால், என் வீட்டு வாசலில் நின்று வானொலியைத் திருகி, இரைச்சல் மட்டும் கேட்கும் ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, "இது காலியான அலைவரிசை" என்று முடிவு செய்தேன். அது காலியாக இருக்கவில்லை. மலை அதை எனக்கு மறைத்திருந்தது, அவ்வளவே. குன்றுகள் விலகிய சந்தவாசலில் அதே இடத்தில் ஒரு நிலையம் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. எஃப்.எம். வானொலிக்கு ஒரு தன்மை உண்டு: ஒரே அலைவரிசையில் இரண்டு ஒலிகள் வந்தால் அவற்றுள் வலுவானதையே அது ஏற்கும்; வலுக்குறைந்தது முற்றிலும் அடங்கிவிடும். பழைய மத்திய அலை வானொலியில் இரண்டும் கலந்து கேட்கும். ஏதோ குறுக்கிடுகிறது என்றாவது புரியும். எஃப்.எம்.மில் அதுவும் இல்லை. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து களைத்து வரும் செய்தியை, பத்தடி தூரத்தில் நிற்கும் நம் கருவி சுவடின்றி அழித்துவிடும்.

மெலிந்து ஒலிப்பதை இல்லாததாகக் கருதுவதே இங்கு நாம் செய்யும் பிழை. வானொலியில் மட்டுமா இதைச் செய்கிறோம் என்பதை ஒவ்வொருவரும் தம் உள்ளத்தைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இனி, இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுபவற்றைப் பார்ப்போம்.

"வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, சில நொடிகளில் கடந்துவிடும், இதில் யாருக்கு என்ன இழப்பு?" என்பது முதல் வாதம். நம் வண்டிகள் எப்போதும் ஓடிக்கொண்டா இருக்கின்றன? ஆடி வெள்ளிக்கிழமைகளில் ரேணுகாம்பாள் கோயிலுக்கு வரும் கூட்டத்தால் நம் ஊர்ச் சாலையில் வண்டிகள் அணிவகுத்து நிற்பதை அறிவோம். கல்யாண மண்டபத்தின் வாசலில், மருத்துவமனையின் முன், ரயில்வே கேட்டில் நாம் நின்றுகொண்டுதான் இருக்கிறோம். பாதைக்கு உரிமை உண்டு. பாதையில் இருப்பவர் பிறருக்குத் தொல்லை தரலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்த மார்க்கம் நம்முடையது. பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையும் ஈமானின் கிளையாக எண்ணும் நாம், முள்ளைப் போட்டுவிட்டு "சிறிய முள்தானே" என்று சொல்லலாமா?

"இக்காலத்தில் வானொலி யார் கேட்கிறார்? எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது" என்பது இரண்டாம் வாதம். எல்லோர் கையிலும் இல்லை. இருப்பவர்க்கும் எப்போதும் பயன்படுவதில்லை. கைப்பேசிக் கோபுரத்தின் அலை சரியாக எட்டாத சிற்றூர்கள் ஜவ்வாது மலையில் இன்றும் உண்டு. ஆடு மேய்ப்பவர், இரவுக் காவலர், கண் மங்கிய முதியோர் ஆகியோருக்கு வானொலியே துணை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததையும், மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏழு உயிர்களைப் பறித்ததையும் நம் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய இரவில் மின்சாரம் நின்று, கைப்பேசியின் மின்கலமும் தீர்ந்த பின்பு, இரண்டு பேட்டரிக் கட்டைகளில் பேசிக்கொண்டிருப்பது வானொலி ஒன்றுதான். வானொலியை இன்றும் நம்பியிருப்பவர் பெரும்பாலும் வேறு வழியற்றவர். அவர்கள் தொகை குறைவு என்பது அவர்கள் உரிமையைக் குறைக்காது.

நம் சமூகத்திற்கு வானொலியின் அருமை தெரியாததன்று. கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16 அன்று தொடங்கியது. பிற்காலத்தில் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கடல் கடந்து நம் வீடுகளில் கேட்டோம். பி.எச். அப்துல் ஹமீத் அவர்களின் தூய தமிழ் உச்சரிப்பை முன்மாதிரியாகக் கொண்டு பேசப் பழகியவர் நம்மில் எத்தனை பேர்! அக்குரல் அலைமேல் அலையாக வந்து நம் வாசலைத் தொட்டபோது, வாசலில் வண்டியை நிறுத்திய எவரும் அதை அழித்துவிடவில்லை. நாம் அன்று பெற்ற அந்த மரியாதையைத்தான் இன்று பிறருக்குத் தரும்படி கேட்கிறேன்.

மூன்றாம் வாதமே என்னை மிகவும் வருத்துவது. "கிராஅத்தும் பயானும்தானே ஒலிக்கிறது? பிறர் காதில் விழுந்தால் அது தஃவாதானே? நன்மைதானே?" என்கிறார்கள். மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படுவதால் மார்க்கத்தின் பெயராலேயே விடை சொல்கிறேன்.

அழைப்பு என்பது கேட்பவர் விரும்பினால் ஏற்கவும் விரும்பாவிட்டால் விலகவும் இடம் தருவது. ஒருவர் கையிலிருக்கும் செய்தியைப் பிடுங்கிவிட்டு அவ்விடத்தில் நம் பேச்சை வைப்பது அழைப்பாகாது. சந்தவாசல் முதியவரின் உள்ளத்தில் அந்த மாலையில் என் பயான் எதை விதைத்திருக்கும்? வாழைத்தாரைப் பற்றிய கவலைக்கு நடுவே ஒரு வெறுப்பைத்தான். அதை விதைக்காமல் போனது அவருடைய பெருந்தன்மையால்; என் தஃவாவால் அன்று. மேலும், குர்ஆன் ஓதப்படும்போது செவிதாழ்த்தி மௌனமாயிருக்க வேண்டும் என்பது அல்அஃராஃப் அத்தியாயத்தின் 204ஆம் வசனம் நமக்கு இடும் கட்டளை. தேநீர்க் குவளைகளின் ஓசைக்கும் விலைவாசிப் பேச்சுக்கும் இடையில், கேட்க ஆயத்தமில்லாத ஒருவரின் வானொலியில் அதைத் திணிப்பதால் கிராஅத்துக்கு நாம் சேர்ப்பது கண்ணியமா, கண்ணியக்குறைவா? சிந்தியுங்கள்.

இதே எண்ணத்தின் அடுத்த படியையும் கண்டேன். ஒரு ரமழானுக்கு முன் மஹல்லா இளைஞர்கள் சிலர் என்னிடம் வந்தனர். டிரான்ஸ்மிட்டரோடு ஓர் ஆம்ப்ளிஃபையரைச் சேர்த்து, மினாராவில் ஏரியல் கட்டி, தராவீஹுக்குப் பின் நடைபெறும் பயானை ஊரிலுள்ள தாய்மார்கள் வீட்டிலிருந்தே வானொலியில் கேட்கச் செய்யலாம் என்றனர். அவர்களின் நிய்யத்தில் எனக்கு ஐயமில்லை. கைக்குழந்தையை விட்டு வர இயலாத தாய்மார்களைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டனர். நான் மறுத்தேன். "நல்ல காரியத்துக்கு ஹஜ்ரத்தே தடையா?" என்று மனம் கசந்து சென்றனர். அவர்களுக்கு அன்று சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

நீரையும் மேய்ச்சல் புல்லையும் நெருப்பையும் மக்கள் அனைவருக்கும் பொதுவானவையாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை ஃபிக்ஹு பாடம் கற்றோர் அறிவர். பொதுக்கிணற்றில் ஒருவர் தமக்கு வேண்டிய குடத்தை நிரப்பிக்கொள்ளலாம். கிணற்றுக்கே மூடி போடலாகாது. நம் உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரி 9 அன்று வழங்கிய தீர்ப்பில் ஒலிபரப்பு அலைகளைப் பொதுச்சொத்து என்று கூறியது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும், மக்கள் சார்பில் மைய அரசே அலைக்கற்றையின் உரிமையாளர் என்கிறது. 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றி அத்தகைய கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியிருந்தது. நாம் வாழும் நாட்டின் சட்டத்தோடு நமக்கு உடன்படிக்கை உண்டு. உடன்படிக்கையைப் பேணுவதும் மார்க்கமே.

பீகார் மாநிலம் வைசாலி மாவட்டத்து மன்சூர்பூர் கிராமத்தில் ராகவ் மஹத்தோ என்னும் இளைஞர் தம் பழுதுபார்க்கும் கடையிலிருந்து, தாமே சில பத்து ரூபாய்ச் செலவில் செய்த கருவியால், ஊருக்கே வானொலி நடத்தினார். பாடல்களோடு நலவாழ்வுச் செய்திகளையும் ஒலிபரப்பினார். ஊரார் அவரைக் கொண்டாடினர். ஆயினும் உரிமம் இல்லாமையால் 2006ஆம் ஆண்டில் அதிகாரிகள் அதை மூடினர். நல்லெண்ணம் அவரைக் காக்கவில்லை. ஓர் எளிய இளைஞரின் கடைக்கு நேர்ந்ததே இதுவென்றால், ஒரு பள்ளிவாசலின் மினாராவில் உரிமமற்ற ஏரியல் இருந்தால் இன்றைய சூழலில் என்னென்ன பேசப்படும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

முறையான வழி இல்லாமலும் இல்லை. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம்., 2004 பிப்ரவரி 1 முதல் 90.4 மெகாஹெர்ட்ஸில் சமுதாய வானொலியாக உரிமம் பெற்று இயங்கி வருகிறது. பிரிட்டனில் வாழும் முஸ்லிம்கள் ரமழான் மாதத்திற்கென்றே குறுகிய கால உரிமம் பெற்றுப் பல நகரங்களில் வானொலி நடத்தியுள்ளனர். அவர்கள் கேட்டுப் பெற்றதை நாம் கேளாமல் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் மஹல்லாவில் இப்போது கைப்பேசிக் குழு அழைப்பின் வழியே பயான் செல்கிறது. கைப்பேசி இல்லாத சில தாய்மார்கள் இதனால் விடுபட்டுள்ளனர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அக்குறையைத் தீர்க்க வேண்டியது ஜமாஅத்தின் பொறுப்பு. பிறர் பங்கிலிருந்து எடுத்து அதைத் தீர்க்கலாகாது.

சரி, காருக்கு எதை வாங்குவது? இப்போது அதற்கு வருகிறேன்.

முதலில், வாங்க வேண்டுமா என்று பாருங்கள். ஸ்டீரியோவின் முகப்பில் ஆக்ஸ் என்று எழுதிய சிறு துளை இருந்தால் ஒரு கேபிள் போதும். அதைவிடத் தெளிவான ஒலியை எந்த டிரான்ஸ்மிட்டரும் தராது. ஒலிநாடாப் பெட்டி இருந்தால், நாடாவின் வடிவில் வயரோடு வரும் அடாப்டரைச் செருகலாம். இரண்டும் இல்லையெனில், ஏரியல் வயருக்கும் ஸ்டீரியோவுக்கும் இடையே பொருத்தும் எஃப்.எம். மாடுலேட்டர் என்னும் கருவி உண்டு. அது ஒலியை வயர் வழியாகவே தருவதால் வெளியே பரவாது. கார் எலக்ட்ரீஷியன் ஒருவர் சிறிது நேரத்தில் பொருத்திவிடுவார். இவற்றுள் எதுவும் இயலாதபோதே டிரான்ஸ்மிட்டரை நாடுங்கள்.

இரண்டாவது, நான்கைந்து அலைவரிசைகள் மட்டுமே உள்ள கருவியை வாங்காதீர்கள். 88 முதல் 108 வரை 0.1 மெகாஹெர்ட்ஸ் படிகளில் மாற்றக்கூடியதாகவும், எண்ணைத் திரையில் காட்டுவதாகவும், அணைத்தாலும் அதை நினைவில் வைப்பதாகவும் இருக்கட்டும். ஊருக்கு ஊர் இடம் மாற்றிக்கொள்ள இயலாத கருவி, எங்காவது ஒரு நிலையத்தின் மேல் ஏறி அமர்ந்தே தீரும்.

மூன்றாவது, ஆற்றல். பிரிட்டனில் இக்கருவிகள் 2006 டிசம்பர் 8 வரை சட்டத்திற்குப் புறம்பானவை. அன்று அனுமதித்தபோதும் 50 நானோவாட் என்ற வரம்பை விதித்தனர். ஒரு வாட்டை இரண்டு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு! அமெரிக்காவில் மூன்று மீட்டர் தொலைவில் அலையின் செறிவு ஒரு மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட்டைத் தாண்டலாகாது. ஒரு காருக்குள் கேட்பதற்கு இவ்வளவு சிறிய ஆற்றலே போதும் என்று அந்நாடுகள் கணக்கிட்டுள்ளன. ஆகவே உறையில் ஐம்பது மீட்டர், நூறு மீட்டர் என்று பெருமையாக அச்சிட்டிருந்தால் அதையே எச்சரிக்கையாகக் கொண்டு வைத்துவிட்டு வாருங்கள். தயாரிப்பாளர் பெயரும் மாதிரி எண்ணும் இல்லாத பொருளையும் தொடாதீர்கள்.

"குறைந்த ஆற்றல் என்றால் இரைகிறதே" என்பீர்கள். பழைய கார்களில் ஏரியல் கூரையிலோ முன்பக்கத்திலோ, தகரக் கூட்டுக்கு வெளியே இருக்கும். கருவி கூட்டுக்குள் இருக்கும். இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. ஆற்றலைக் கூட்டாமல் கருவியை ஏரியலுக்கு அருகே நகர்த்துங்கள். லைட்டர் துளையிலிருந்து ஒரு நீட்டிப்பு வயரால் கண்ணாடி ஓரத்திற்குக் கொண்டு சென்றாலே பெரும் வேறுபாடு தெரியும். கைப்பேசியின் ஒலியளவை முழுதாக வைக்காமல் முக்கால் பங்கில் வையுங்கள். முழுதாக வைத்தால் ஒலி சிதைவதோடு அக்கம்பக்கத்து அலைவரிசைக்கும் சிந்தும். என்ஜின் வேகத்திற்கேற்ப ஏறி இறங்கும் கீச்சொலி கேட்டால் அது மின்சாரம் எடுக்கும் பகுதியின் தரக்குறைவு. அதற்கும் ஆற்றலுக்கும் தொடர்பில்லை.

நான்காவது, அலைவரிசைத் தேர்வு. டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு, வீட்டு வாசலில் மட்டுமின்றி, மலை விலகிய திறந்தவெளியிலும் வண்டியை நிறுத்தி வானொலியைக் கேளுங்கள். மெல்லிய பேச்சொலி ஒன்று கேட்டாலும் அவ்விடம் ஒருவருக்குரியது, விட்டுவிடுங்கள். இருபுறமும் 0.2 மெகாஹெர்ட்ஸ் அளவு வெறும் இரைச்சலாக உள்ள இடத்தைக் கொள்ளுங்கள். சென்னைக்குச் செல்வோர் கூடுதல் கவனம் கொள்க: அங்கு 91.1, 91.9, 92.7, 93.5, 94.3 என 0.8 இடைவெளியில் ஐந்து நிலையங்கள் நெருங்கி நிற்கின்றன, 98.3, 101.4, 102.3, 106.4 ஆகியவையும் உரியவர் உள்ளவையே. புதுச்சேரிப் பக்கம் 102.8 வானொலி நிலையத்திற்குரியது. ஓட்டிக்கொண்டே அலைவரிசையை மாற்றாதீர்கள். செண்பகத்தோப்பு அணைக்குச் செல்லும் மலைப்பாதையில் ஒரு நொடிக் கவனச்சிதறலின் விலை என்னவென்று நம் ஊரார் அறிவர். நிறுத்தி மாற்றுங்கள், அல்லது அருகிலிருப்பவர் மாற்றட்டும்.

இறுதியாக, நிறுத்தியிருக்கும் வண்டியில் கருவியை அணைத்துவிடுங்கள். குடியிருப்புப் பகுதியில், கடை வாசலில், நெரிசலில் நிற்கும்போது கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியே போதும். இது ஒரு சொடுக்கில் முடியும் காரியம்.

என் இப்போதைய கருவி மிக எளியது. கண்ணமங்கலம் தாண்டி வேலூரை நெருங்கும்போது சில இடங்களில் இரைகிறது. "அத்தா, பழையதுதான் நல்லா கேட்டுச்சு" என்று என் மகள் குறை கூறுகிறாள். உண்மைதான், பழையது நன்றாகத்தான் கேட்டது. வண்டிக்கு வெளியே இருந்தவர்களுக்கும் சேர்த்துக் கேட்டது. அதனால்தான் அதை விற்காமல் உடைத்துப் போட்டேன். விற்றிருந்தால் இன்னொருவர் காரிலிருந்து அதே தீங்கு தொடர்ந்திருக்கும். இரைச்சல் வரும்போது அவளையே ஓதச் சொல்கிறேன். கருவி தராத தெளிவு அவள் குரலில் கிடைக்கிறது, மாஷா அல்லாஹ்.

நாம் அறியாமல் மறைத்த குரல்களுக்காக அல்லாஹு தஆலா நம்மை மன்னிப்பானாக! நம் வண்டியிலும் வீட்டிலும் ஒலிப்பவை பிறருக்குத் தொல்லையாகாமல் காப்பானாக! ஆமீன்.

வல்லாஹு அஃலம். வஸ்ஸலாம்.